போகிக்கு முன்: பழைய பாத்திரத்தில் செடி வைப்பவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போகி நெருங்குகிறது. பரணில் கிடந்த பாத்திரங்களோடு வந்து “இதில் செடி வைக்கலாமா?” என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். சிலவற்றுக்கு உடனே ஓட்டை போட்டுக் கொடுக்கிறோம், சிலவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். ஏன் என்று சொல்லிவிடுகிறோம்.

அலுமினியக் குண்டான், கைப்பிடி போன குக்கர் இரண்டும் அருமை. டிரில் சுலபமாக இறங்கும். அடியில் நாலைந்து ஓட்டை போதும். எவர்சில்வரை எண்ணெய் விட்டு மெதுவாகத்தான் துளைக்க முடியும். அதனால்தான் கூலி கொஞ்சம் கூட. காய்கறி கழுவும் வடிகூடைக்கு நாங்களே தேவையில்லை. உள்ளே தேங்காய் நாரை விரித்து மண்ணைக் கொட்டிப் புதினாக் குச்சியை நட்டுவிடுங்கள்.

செம்பு, பித்தளையில் நேரடியாக மண் போட வேண்டாம். ஈர மண்ணில் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வேரைக் கெடுக்கும். அதோடு, பாட்டி காலத்துப் பித்தளை அண்டாவை ஓட்டை போட எங்களுக்கு மனசும் வராது. தொட்டியோடு செடியை அதற்குள் இறக்கி வையுங்கள், அழகாக இருக்கும். ஊறுகாய் ஜாடிக்கும் இதே யோசனைதான். துளைக்கும்போது விரிசல் விட்டால் ஒட்ட முடியாது.

“ஓட்டை வேண்டாம், அடியில் ஜல்லி போட்டுக்கொள்கிறேன்” என்பவர்களிடம்தான் அதிகம் வாதாடுகிறோம். ஜல்லி போட்டாலும் தண்ணீர் வெளியே போக வழியில்லையே! அது உள்ளேயே தேங்கி வேர் அழுகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டையும் வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு முட்டையிடுவது அந்த மாதிரி நீரில்தான்.

இன்னொன்று, மொட்டை மாடி வெயில். கத்திரியில் உலோகப் பாத்திரம் கை வைக்க முடியாமல் சுடும், வேர் வெந்துபோகும். சித்திரை பிறந்ததும் நிழலுக்கு மாற்றி, வெளிப்பக்கம் சணல் சாக்கைச் சுற்றிவிடுங்கள்.

இப்போதைய குளிருக்குக் கொத்தமல்லியும் வெந்தயக் கீரையும் நன்றாக வரும். அரை அடி ஆழம் போதும். தனியாவை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதையுங்கள். தக்காளிக்கு ஓர் அடியாவது வேண்டும், அதற்கு எண்ணெய் டின்தான் சரி. தோசைக்கல்லைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள், எடைக்குப் போட்டுவிடுங்கள்.

அப்புறம், பாத்திரத்தை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்த்துக் கொண்டுவாருங்கள். டிரில் வழுக்குகிறது.

இப்படிக்கு,
உங்கள் செடிக்கடையினர்,
மந்தைவெளி, சென்னை