பாரம்பரியம் இருக்கட்டும், நூடுல்ஸ் எப்படி இருந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் உங்கள் உணவக விமர்சகர் ராமென் என்ற ஜப்பானிய நூடுல்ஸ் சூப் விற்கும் ஒரு கடை, ஒரு தாய்லாந்து உணவகம், பல நாட்டுச் சமையல்களைக் கலக்கும் புதிய ஏசியன் ஃப்யூஷன் உணவகம் மூன்றையும் ஒரே பக்கத்தில் எடைபோட்டிருந்தார். எழுத்து சுவாரசியம்தான், படங்களும் பசியைக் கிளப்பின. தீர்ப்பு சொன்ன விதத்தில்தான் எனக்கு வழக்கு. முதல் இரண்டுக்கும் கலப்பில்லாத பாரம்பரியம் என்று பாராட்டு; மூன்றாவதற்கு, எந்த ஊருக்கும் சொந்தமில்லாத கலவை என்று குட்டு. மூன்று கடைகளிலும் சோறும் நூடுல்ஸும் எந்தப் பதத்தில் இருந்தன என்று ஒரு வரிகூட இல்லை.

ராமென், சீனர்கள் ஜப்பானுக்குக் கொண்டுபோன கோதுமை நூடுல்ஸின் வழியில் வந்தது. காய்களையும் மீனையும் மாவில் தோய்த்துப் பொரிக்கும் ஜப்பானிய டெம்புராவின் முறை 16-ஆம் நூற்றாண்டில் வந்திறங்கிய போர்ச்சுகீசியர்களிடம் கற்றது. பாட் தாய், 1938-இல் தாய்லாந்தில் பிரதமரான பிபுன் சோங்கிராமின் காலத்தில் அரசாங்கமே முன்நின்று பரப்பிய பண்டம். சீன முறையில் வறுத்த நூடுல்ஸ்தான் அதற்கு அடிப்படை. தாய்லாந்து உணவகத்தில் உங்கள் விமர்சகர் மெச்சிய காரம் இருக்கிறதே, அந்த மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி ஆசியாவுக்கு வந்தே ஐந்நூறு ஆண்டுகள்தான் ஆகின்றன. பழைய கலப்புக்குப் பட்டம், போன வருஷக் கலப்புக்குத் திட்டு என்றால் அது என்ன கணக்கு?

இதில் வேடிக்கை, ஃப்யூஷன் கடையில் அவர் அதிகம் கிண்டல் செய்தது மிசோவும் (புளிக்கவைத்த சோயா விழுது) வெண்ணெயும் சேர்ந்த நூடுல்ஸை. ஜப்பானின் சப்போரோவில் மிசோ ராமென் மேல் ஒரு வெண்ணெய்த் துண்டும் சோளமும் போட்டுத் தருவது சர்வ சாதாரணம்.

அதற்காக, ஃப்யூஷன் என்று பலகை மாட்டிய எல்லாக் கடைகளுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. பாதிக்கு மேல் சலிப்பூட்டுபவை. எதை எடுத்தாலும் தலையில் காரமான மயோனைஸ், அதுவும் போதாதென்று ட்ரஃபிள் என்ற காளான் மணக்கும் எண்ணெய் நாலு சொட்டு. (விற்பனைக்கு வரும் ட்ரஃபிள் எண்ணெயில் பெரும்பாலானது செயற்கை மணம் சேர்த்த சாதா எண்ணெய்தான்.) சேர்ந்திருக்கும் இரண்டு சமையல்களில் ஒன்றை உருவி எடுத்தாலும் தட்டில் எதுவும் குறையவில்லை என்றால், அது வெறும் ஜோடனை. விமர்சகர் அதைத் தாராளமாகத் திட்டட்டும்.

உருவ முடியாத கலப்பும் இருக்கிறது. பெரு நாட்டுக்கு ஜப்பானியர்கள் 1899 முதல் குடியேறினார்கள். அங்கே பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைக்கும் செவிச்சே ஏற்கெனவே இருந்தது. சாற்றின் அமிலம் மீனின் புரதத்தை இறுக்கி, அடுப்பில்லாமலே வெந்ததுபோல் வெளுக்க வைக்கும். அதிக நேரம் விட்டால் மீன் ரப்பராகிவிடும். ஜப்பானியக் கை பட்டதும் சஷிமி என்ற ஜப்பானியப் பச்சை மீன் பண்டத்தில்போல மீனை மெல்லிசாகச் சீவி, பரிமாறும் நேரத்தில் சாற்றை ஊற்றும் திராதிதோ கிடைத்தது. மேலே சுள்ளென்று புளிப்பு, உள்ளே பச்சை மீனின் மிருது. 1970-களில் பெருவின் லிமாவில் சமைத்த ஜப்பானியச் சமையல்காரர் நோபு மட்சுஹிசா, அந்தக் கைப்பழக்கத்தோடுதான் 1987-இல் அமெரிக்காவின் பெவர்லி ஹில்ஸில் கடை போட்டார். 2008-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ராய் சோய் என்ற சமையல்காரரின் கோகி உணவு வண்டி, கால்பி என்ற கொரியச் சுட்ட விலா இறைச்சியை மெக்சிகோவின் சோள ரொட்டியில் வைத்து டாக்கோவாகத் தந்தது. கொரியர்கள் சுட்ட இறைச்சியை லெட்யூஸ் இலையில் சுருட்டிச் சாப்பிடுகிறவர்கள், டாக்கோவும் கையில் மடித்துச் சாப்பிடுவது. சம்பந்தம் பொருந்தி வந்துவிட்டது.

சரி, எதைத்தான் எழுத வேண்டும்? ராமென் என்றால், கிண்ணத்தின் பாதிக்கு வரும்போதும் நூடுல்ஸ் பல்லுக்கு ஈடு கொடுத்ததா, அதற்குள் ஊறிக் குழைந்துவிட்டதா என்று எழுதலாம். வறுத்த நூடுல்ஸில் தட்டின் அடியில் தண்ணீர் தேங்கி நின்றால், வாணலியில் சூடு போதவில்லை, அல்லது நாலு பேருக்கானதை ஒரே தடவையில் கொட்டிவிட்டார்கள். சோற்றின் மேல் மீன் வைக்கும் சுஷியில் எல்லோரும் மீனைப் பற்றியே எழுதுகிறார்கள். சோறு ஃப்ரிட்ஜில் இருந்த சில்லிப்போடு வந்தால் மீன் எவ்வளவு ஒசத்தியாக இருந்தும் பிரயோசனமில்லை. சோறு உடல் சூட்டை ஒட்டி இருக்க வேண்டும், விரலில் உதிராமல் வாயில் உதிர வேண்டும். இவையெல்லாம் பாரம்பரியக் கடைக்கும் பொருந்தும், ஃப்யூஷன் கடைக்கும் பொருந்தும்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கிண்ண நூடுல்ஸுக்கு இவ்வளவா என்று கேட்கிற உங்கள் விமர்சகர், இத்தாலிய பாஸ்தாவைப் பார்த்து அப்படிக் கேட்டு நான் படித்ததில்லை. பன்றி எலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவிட்டு எடுக்கும் சூப்புக்கு ஆள்கூலியும் எரிவாயுவும் யார் தருவது?

அப்புறம் அந்த அஜினோமோட்டோ விவகாரம். சாப்பிட்டு வந்தபின் தலை வலித்ததாம். காரணம் அதுதான் என்று முடிவே கட்டிவிட்டார். இந்த பயத்தைக் கிளப்பியதே ஆசிரியருக்கு வந்த ஒரு கடிதம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1968-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ராபர்ட் ஹோ மான் குவாக் என்ற மருத்துவர், சீன உணவகங்களில் சாப்பிட்டால் தமக்குப் படபடப்பு வருவதாக எழுதினார். சமையல் ஒயினா, உப்பா, மோனோசோடியம் குளூட்டமேட்டா (அஜினோமோட்டோதான் அது) என்று சந்தேகமாகத்தான் கேட்டிருந்தார். பழி கடைசிப் பெயரின் மேல் விழுந்து, ஒரு சமையல் முழுவதன் மேலும் படிந்தது. பிறகு நடந்த பரிசோதனைகளில், எது யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று தெரியாமல் உண்ணவைத்துப் பார்த்தபோது, அந்தத் தொடர்பு நிலையாகத் தென்படவே இல்லை. தக்காளியிலும் பார்மசான் பாலாடைக்கட்டியிலும் குளூட்டமேட் இயற்கையாகவே நிறைய இருக்கிறது. பீட்சா சாப்பிட்டவர் யாரும் அதைச் சொல்லித் தலையைப் பிடித்துக்கொள்வதில்லை. வாசகர் கடிதத்துக்கு இவ்வளவு வலிமை உண்டென்றால் நானும் கொஞ்சம் அடக்கியே எழுத வேண்டும்!

ஒரே ஒரு மதிய வேளையை வைத்து மதிப்பெண் போடுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஆசியச் சமையலில் பாதி, அடுப்படி வேகத்தைப் பொறுத்தது. கூட்டம் நெரியும் வார இறுதி இரவில் ஒரு தடவை, ஆளில்லாத நாளில் ஒரு தடவை, பெயரைச் சொல்லாமல், சொந்தச் செலவில் போகட்டும். அந்தச் சமையலிலேயே வளர்ந்த ஒருவரைக் கூட்டிப்போவதும் நல்லதுதான், ஆனால் அம்மா சமையல்போல இல்லை என்று அவர் சொன்னால் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்த இதழில் கொரிய உணவகங்கள் என்று அறிவித்திருக்கிறீர்கள். சின்னச் சின்னத் தட்டுகளில் கேட்காமலே வைக்கும் தொடுகறிகளான பஞ்சானை விட்டுவிடாமல் எழுதச் சொல்லுங்கள். கிம்ச்சி என்ற புளிக்கவைத்த காய்கறி ஊறுகாயைக் கடையிலேயே போடுகிறார்களா, வெளியில் வாங்குகிறார்களா என்று விசாரித்துப் போட்டால் என் போன்றவர்களுக்கு உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்