நிறுத்துமிடமும் மின்னேற்றமும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். நகரின் வாகன நிறுத்தக் குழுவில் தாங்கள் சேர்ந்திருக்கும் செய்தி மிகுந்த மகிழ்ச்சி தந்தது. இங்கே அனைவரும் நலம். மின்வாகனங்கள் பெருகிவரும் நிலையில், நகரெங்கும் அதிவேக மின்னேற்றிகளை நிறுவினால் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். போதாது என்றே நினைக்கிறேன்.

கார் என்பது நாளின் பெரும்பகுதி நேரம் ஓரிடத்தில் நின்றுகொண்டிருக்கும் பொருள். அது நிற்கும் இடத்திலேயே மெதுவாக மின்னேறுவதுதான் இயல்பான வழி. 4 கிலோவாட் திறனில் இரவு 8 மணி நேரம் ஏற்றினால் 32 யூனிட் சேரும். நடுத்தர அளவுள்ள கார் அதைக் கொண்டு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் ஓடிவிடும். 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் இழுக்கும் அதிவேக மின்னேற்றிக்கோ, பல இடங்களில் புதிய டிரான்ஸ்ஃபார்மரே தேவைப்படும். அது நெடுந்தொலைவு செல்வோருக்கும் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும் உரியது. சொந்தக் கொட்டகை இல்லாமல் தெருவோரத்தில் வண்டியை நிறுத்துபவர்களையே நகரம் முதலில் நினைக்க வேண்டும். லண்டனில் தெருவிளக்குக் கம்பங்களிலேயே மின்னேற்றிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் குடியிருப்பவர் விண்ணப்பித்தால், அருகில் பொது மின்னேற்றி இல்லாத நிலையில் புதிதாக ஒன்றை அமைக்கும் முறையைக் கடைப்பிடித்தார்கள். எங்கே தேவை என்பதை மக்களே சொல்லும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அடுத்தது கட்டணம். 1935-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் முதல் நிறுத்தக் கட்டணக் கருவியை வைத்ததே, கடைவீதியில் ஒரே வண்டி நாள் முழுவதும் இடத்தை அடைத்துக்கொள்ளாமல் இருப்பதற்காகத்தான். ஒவ்வொரு தெருவிலும் எந்நேரமும் ஓரிரு இடங்கள் காலியாக இருக்கும் அளவுக்குக் கட்டணம் அமைய வேண்டும் என்று பேராசிரியர் டொனால்ட் ஷூப் வாதிட்டார். சான் பிரான்சிஸ்கோ 2011-இல் தொடங்கிய திட்டத்தில், நெரிசலுக்கேற்பத் தெருவுக்குத் தெரு, நேரத்துக்கு நேரம் கட்டணத்தை மாற்றிப் பார்த்தது. மின்னேற்றும் இடத்துக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். மின்வாகனங்களை ஊக்குவிப்பதாக எண்ணி அங்கே நிறுத்துவதை இலவசமாக்கினால், மின்னேறி முடிந்த வண்டிகள் நகராமல் நிற்கும். காத்திருப்பவர் ஏமாந்து திரும்புவார். ஆகவே மின்சாரத்துக்கு யூனிட் கணக்கிலும், ஏற்றி முடித்த பிறகு அடைத்துக்கொண்டிருக்கும் நேரத்துக்குத் தனியாகவும் வாங்குங்கள். 80 விழுக்காட்டுக்கு மேல் பேட்டரி ஏற்கும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடுவதால், அதிவேக நிலையங்களில் அந்த எல்லையிலேயே இடத்தை விடச் சொல்வது நியாயம். குடியிருப்புத் தெருக்களிலோ, ஏற்றி முடித்த பிறகு நிற்பதற்கான தனிக் கட்டணம் இரவு நேரத்துக்குக் கூடவே கூடாது. வண்டியை நகர்த்த நள்ளிரவில் யாரும் எழுந்துவர வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மின்னேற்றிக் கம்பத்தை நடைபாதையில் நட்டு, கேபிளைக் குறுக்கே கிடக்கவிட்டால், சக்கர நாற்காலியில் வருபவரும் பார்வையற்றவரும் சாலையில் இறங்க நேரிடும். வண்டிக்கான கருவியின் இடம் வண்டிக்கென ஒதுக்கிய பரப்பிலிருந்தே வரட்டும்.

குழு கூடுவதற்கு முன், எந்தத் தெருவில் இரவில் எத்தனை வண்டிகள் நிற்கின்றன என்ற கணக்கெடுப்பைக் கேட்டுப் பெறுங்கள். அது கைக்கு வந்ததும் எனக்கும் ஒரு படி அனுப்பினால், சேர்ந்து பார்ப்போம்.

என்றும் அன்புடன்,
தங்கள் நண்பன்