ஜூலைப் போட்டிக்குத் தராசு வேண்டாம்: ஹூஸ்டன் தூண்டில் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹூஸ்டனிலிருந்து சாம் ரேபர்ன் நீர்த்தேக்கத்துக்குத் தூண்டிலோடு போய்வரும் அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

ஜூலையில் பாஸ் மீன் போட்டி வைக்கப் போவதாகச் சொன்னீர்கள். ஆளுக்கு ஐந்து மீன். படகுத் தொட்டியில் உயிரோடு வைத்திருந்து, மதியம் கரைக்குக் கொண்டுவந்து எடை போட்டு, திரும்ப விடுவது என்று ஏற்பாடு. நானும் வருகிறேன். அந்த எடை போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

கோடையில் அந்த ஏரியில் பாஸ் பிடிக்கப் பழக எனக்கு இரண்டு வருடம் ஆனது. முதல் கோடை முழுக்கக் கரையோரச் செடிகளைப் பார்த்தே வீசிக்கொண்டிருந்தேன். வசந்தத்தில் அங்கேதானே கிடைத்தது! விடியற்காலையில் தவளைப் பொம்மைக்கு ஒன்றிரண்டு பாயும். வெயில் ஏறியதும் அதுவும் நின்றுவிடும். படகுத்துறையில் பழக்கமான உள்ளூர்ப் பெரியவர் ஒருவர்தான் ஒலியை அனுப்பி ஆழத்தையும் மீனையும் காட்டும் சோனார் திரையைக் காட்டி விளக்கினார். மேல்தண்ணீர் சூடாகி லேசாகிவிடும், அடித்தண்ணீர் குளிர்ந்து கனமாகக் கிடக்கும், இரண்டும் கலக்காது. காற்றுப் படாத அடித்தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுவதால் மீன் ஒரேயடியாகக் கீழே போகவும் முடியாது. அந்த எல்லைக்குச் சற்று மேலே, 15 முதல் 25 அடி ஆழத்தில், அணை கட்டுவதற்கு முன் ஆஞ்சலினா ஆறு ஓடிய பழைய படுகையின் விளிம்பில் போய் நிற்கும். அங்கே முக்கால் அவுன்ஸ் எடைக் குண்டுக்குப் பின்னால் மூன்றடி தூண்டில் நரம்பு விட்டு, ரப்பர் புழுவைத் தரையோடு தரையாக இழுக்க வேண்டும், அவசரமே கூடாது. குண்டு சேற்றில் போவதும் கல்லில் உரசுவதும் கைக்குத் தெரியும். திடீரென்று நரம்பு கனக்கும். அது மீனா, மூழ்கிய மரக்கிளையா என்று கை கண்டுபிடிக்கவே இன்னொரு கோடை போயிற்று.

அந்த வருடம் ஒரு சின்னப் போட்டியில் நாலு மீன் பிடித்தேன். நாலையும் ஆறு மணி நேரம் தொட்டியில் வைத்திருந்து எடை போட்டுத் திரும்பத் தண்ணீரில் விட்டேன். இரண்டு நீந்திப் போயின. மற்ற இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. அதில் ஒன்று நாலரை பவுண்டு. எவ்வளவு நேரம் தண்ணீரில் பிடித்துக்கொண்டிருந்தும் செவுள் அசையவில்லை.

25 அடியிலிருந்து மேலே இழுத்தால் மீனின் காற்றுப்பைக்குள் இருக்கும் காற்று முக்கால் பங்கு கூடுதலாக விரியப் பார்க்கும். கெண்டையைப் போல வாய்வழியே அதை வெளியேற்ற பாஸுக்கு வழி கிடையாது. உடனே விட்டால் தானே கீழே இறங்கிவிட வாய்ப்பு அதிகம். தொட்டியில் வைத்தால் வீக்கத்தோடு தத்தளிக்கும். சூடும் சேர்ந்துகொள்கிறது. 20 டிகிரி செல்சியஸ் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். ஆனால் அந்தச் சூட்டில்தான் மீனுக்கு மூச்சு அதிகம் தேவைப்படுகிறது. நீந்திப் போனவையும் இரண்டு மூன்று நாள் கழித்துச் சாவதுண்டு. நாம் அப்போது வீட்டில் இருப்போம்.

கரைக்குக் கொண்டுவந்து எடை போடாமல் போட்டி நடத்த முடியுமா என்று கேட்பீர்கள். டெக்சஸின் இன்னொரு ஏரியான லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குல பாஸ் மீனை வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதனால் 2007இல் அங்கே நடந்த டொயோட்டா டெக்சஸ் பாஸ் கிளாசிக் போட்டியில் மீனைப் படகிலேயே எடை பார்த்து அப்போதே விட்டார்கள். மேஜர் லீக் ஃபிஷிங் என்ற தொழில்முறைப் போட்டித் தொடரும் அதே முறையில் வளர்ந்ததுதான். கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகில் போகிறவர்கள் இன்னும் எளிமையாகச் செய்கிறார்கள்: அளவுப் பலகையில் கிடத்து, படம் எடு, விடு. ஐந்து மீன்களின் அங்குலத்தைக் கூட்டினால் வெற்றி யாருக்கு என்று தெரிந்துவிடும். பலகையை முதலில் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள், காய்ந்த சூட்டுப் பலகை மீனின் மேல் வழவழப்பை உரித்துவிடும்.

குழம்புக்கு வேண்டும் என்பவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், அதில் எனக்குக் குறை இல்லை. 14 அங்குலத்துக்குக் குறையாத மீனைப் பிடித்த கையோடு ஐஸில் போட்டுவிடுங்கள். சாப்பிடவும் இல்லாமல் பிழைக்கவும் இல்லாமல் மிதக்கும் மீனைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என்னிடம் இரண்டு பலகை இருக்கிறது. எத்தனை படகு வருகிறதென்று சொல்லுங்கள், மீதியை நான் வாங்கி வருகிறேன்.