நெஞ்சுவலியை நாய்க்கடியாக்கிய ஆப்: அதைச் செய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரபியில் பேசினால் ஆங்கிலத்தில் சொல்லும் மென்பொருள் செய்கிற பொறியாளர்களுக்கு,

வணக்கம். வளைகுடாவில் ஒரு கிளினிக்கின் வரவேற்பு மேசையில் 17 வருடம் உட்கார்ந்தவன் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. ஆனால் உங்கள் சரக்கு எப்படி வேலை செய்கிறது என்பதை என் மேசைக்கு முன்னால்தான் தினமும் பார்த்தேன்.

ஒரு நாள் காலை, ராமநாதபுரம் பக்கத்துக்காரர் ஒருவர் நெஞ்சைத் தேய்த்தபடி வந்தார். ஐம்பது வயதிருக்கும். நர்ஸ் பிலிப்பைன்ஸ் பெண், வேலைக்குப் புதுசு. போனில் ஆப்பைத் திறந்து நீட்டினார். அதில் அரபியும் ஆங்கிலமும்தான். வந்தவரிடம் இருபது வருடத்து அரபி கைவசம் இருந்ததால் தைரியமாக, "அனா கல்பு வஜா" என்றார். எனக்கு நெஞ்சு வலிக்குது என்கிறார். நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் கல்பு என்றால் இதயம், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஏட்டு அரபியில் அந்த முதல் எழுத்தை உள்நாக்கிலிருந்து எடுக்க வேண்டும். தமிழ் நாக்கு வழக்கமான 'க'வைப் போட்டது. அப்படிச் சொன்னால் அது நாய்.

போன் கொஞ்சமும் தயங்கவில்லை. நாய் என்னைக் காயப்படுத்திவிட்டது என்று பிசிறில்லாத ஆங்கிலத்தில் சொன்னது. நர்ஸ் குனிந்து அவர் காலில் கடிவாய் தேட ஆரம்பித்தார். மனிதரின் கையோ நெஞ்சிலேயே இருக்கிறது. நான் எழுந்து போய்ச் சொன்ன பிறகுதான் ஈசிஜி எடுத்தார்கள்.

தப்பாகக் கேட்டதற்காக நான் கோபப்படவில்லை. ஒரு அரபிக்காரருக்கும் அப்படிக் காதில் விழுந்திருக்கலாம். ஆனால் அவர் நெற்றியைச் சுருக்கியிருப்பார், "நாயா?" என்று திருப்பிக் கேட்டிருப்பார். உங்கள் இயந்திரத்துக்கு அந்தச் சுருக்கம் இல்லை. அதுதான் என் புகார்.

உங்கள் பக்கத்துச் சிரமமும் ஓரளவு தெரியும். அரபி என்பது ஒரு மொழி மாதிரி எழுதப்பட்டு, பல மொழி மாதிரி பேசப்படுகிறது. 'இப்போது' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: செய்தியில் அல்ஆன், கெய்ரோவில் தில்வஅத்தி, பெய்ரூத்தில் ஹல்லா, வளைகுடாவில் அல்ஹீன், பாக்தாதில் ஹஸ்ஸா, மொராக்கோவில் தபா. 2016இல் அரபிப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருள்களுக்கு நடந்த எம்ஜிபி-2 என்ற போட்டிக்குக் கொடுத்த 1,200 மணி நேர ஒலிப்பதிவு அல் ஜசீரா நிகழ்ச்சிகளிலிருந்து வந்தது. அதில் பெரும்பகுதி ஏட்டு அரபிதான். வயிற்றுவலியோடு வருகிற யாரும் செய்தி வாசிக்கிறவர் மாதிரி பேசுவதில்லை. மறு வருடப் போட்டியிலேயே எகிப்தின் யூடியூப் பேச்சுக்கு வந்தீர்கள். பேச்சுவழக்குக்கு நிலையான எழுத்துமுறை இல்லை என்பதால் ஒரே பேச்சை நான்கு பேரை வைத்து எழுத வைத்து, எது சரி என்று அடம்பிடிக்காமல் நான்கையும் ஏற்று மதிப்பெண் போட்டதாகப் படித்தேன். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

சரி, எங்கள் அரபி எங்கே? வளைகுடாவில் தமிழரும் மலையாளியும் வங்காளியும் நேபாளியும் முதலாளியிடமும், தங்களுக்குள்ளும் பேசுகிற அரபி ஒன்று இருக்கிறது. மொழியியல்காரர்கள் அதைத் தனியாகவே ஆராய்கிறார்கள். 'அனா ரூஹ், இந்த்த ரூஹ்': அதாவது நான் போ, நீ போ. வினை மாறவே மாறாது. 'அனா ரூஹ் துக்தூர்' என்றால் டாக்டரிடம் போனேனா, போகப் போகிறேனா? கூடவே அம்ஸ் என்று சேர்த்தால் நேற்று, புக்ரா என்று சேர்த்தால் நாளை. அது காதில் விழாமல் போனால் ஆப்பே ஒரு காலத்தைத் தேர்ந்துகொள்கிறது. இலக்கணப் பிழை என்று நீங்கள் ஒதுக்கலாம். ஆனால் சாரத்தில் ஏறுகிறவரும் சமையலறையில் நிற்கிறவரும் பிழைப்பு நடத்துவது அதில்தான்.

ஈராக் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்காக, அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்பா பணம் கொடுத்து, ஈராக்கிய அரபிக்கும் ஆங்கிலத்துக்கும் இருவழிக் கருவிகளைச் செய்ய வைத்தது. அவற்றில் சில, காதில் வாங்கியதை முதலில் திரையில் எழுதிக் காட்டின. பேசியவர் பார்த்துத் திருத்தலாம். சோதனைச்சாவடிக்கு வேண்டியிருந்த அந்த எச்சரிக்கை கிளினிக்குக்கு வேண்டாமா? இப்போதைய மென்பொருள்கள் எவ்வளவோ கெட்டி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 6,80,000 மணி நேரப் பேச்சைக் கேட்டு வளர்ந்த விஸ்பர் என்ற ஓபன்ஏஐ நிறுவனத்தின் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளே, ஆங்கிலப் பேச்சில்கூட, நூற்றில் ஒரு பதிவில் யாரும் சொல்லாத வாக்கியத்தைச் சேர்த்ததாக 2024இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆங்கிலத்துக்கே அந்த நிலைமை என்றால் எங்கள் ரூஹுக்கு என்ன கதி?

எனக்கு வேண்டியது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. உடலுறுப்பு, மாத்திரை, நாள், எண்ணிக்கை வரும் இடத்தில் சந்தேகம் இருந்தால் உங்கள் ஆப் "புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று அரபியிலேயே கேட்கட்டும். அரைகுறையாகக் கேட்டதற்கு முழு வாக்கியம் கட்ட வேண்டாம். "நாய்? வலி?" என்று கேள்விக்குறியோடு உடைந்த ஆங்கிலமாக வந்திருந்தால், அந்த நர்ஸ் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்திருப்பார்.

அப்புறம், எங்கள் பேச்சைப் பதிவு செய்ய வாருங்கள். வெள்ளிக்கிழமை மதியம் கேம்ப்பில் எல்லோரும் இருப்பார்கள். எதற்காகப் பதிவு செய்கிறீர்கள் என்று அவரவர் மொழியில் சொல்லி, சம்மதம் வாங்கி, மணிக்கணக்கு வைத்துக் காசு கொடுங்கள். அன்று நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு வந்தவரும் வருவார், கேட்டுவிட்டேன். கல்பு என்று பத்துத் தடவை வேண்டுமானாலும் சொல்கிறாராம்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் வரவேற்பாளர்