புறக்கணிக்கத்தக்க உறுப்புகள்

அன்பு மகளுக்கு,

ஆராய்ச்சிப் பணியை விட்டு, நண்பர்கள் இருவருடன் நிறுவனம் தொடங்கிவிட்டதாக நீ எழுதிய கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை படித்தபோது வருத்தமே மேலோங்கியது என்பதை மறைக்க மாட்டேன். குவாண்டம் கணினிகளில் நேரும் பிழைகளைத் திருத்தும் ஆய்வில் இத்தனை ஆண்டுகள் தாளும் பென்சிலுமாக இருந்தவள் இனி முதலீட்டாளர்களின் வரவேற்பறையில் காத்திருப்பாள் என்ற நினைப்பு எனக்கு உவப்பாக இல்லை. மூன்றாம் முறை படித்தபோது வருந்த ஒன்றுமில்லை என்று பட்டது. ஆனால் சொல்லியாக வேண்டியது ஒன்று மிஞ்சியது.

உன் பழைய குறிப்பேடுகள் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கின்றன. நேற்று ஒன்றைப் புரட்டினேன். நீண்ட சமன்பாடு ஒன்றின் கடைசி மூன்று உறுப்புகளைச் சாய்கோட்டால் அடித்துவிட்டு, அருகில் பொடி எழுத்தில் 'புறக்கணிக்கலாம்' என்று எழுதியிருக்கிறாய். நானும் முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் அதைத்தான் கற்பித்தேன்: உராய்வை விட்டுவிடு, காற்றின் தடையை விட்டுவிடு, கயிற்றின் எடையை விட்டுவிடு. கணக்கு முடிய அது வேண்டும். ஆனால் ஒரு பொருளைச் செய்து இன்னொருவர் கையில் கொடுக்கும்போது, முதலில் திரும்பி வந்து கதவைத் தட்டுவது அந்த அடித்துவிட்ட உறுப்புதான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நீ பிறப்பதற்கு முன்பு, நண்பர் ஒருவருடன் சேர்ந்து ஆய்வகங்களுக்கான பவர் சப்ளை பெட்டிகளைச் செய்து விற்க முயன்றேன். மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை எவ்வளவு குறைக்கலாம் என்று பக்கம் பக்கமாகக் கணக்கிட்ட நான், டிரான்சிஸ்டரைச் சுற்றியுள்ள காற்று அறை வெப்பநிலையிலேயே இருக்கும் என்று ஒரே வரியில் வைத்துக்கொண்டேன். மேசையில் திறந்து கிடந்தவரை எல்லாம் ஒழுங்காக ஓடின. மூடியைத் திருகிப் பூட்டிய பிறகு உள்ளே இருந்த காற்று சூடேறியது; மூடியில் ஒரு துளைகூட நான் இடவில்லை. விற்ற பன்னிரண்டில் ஒன்பது திரும்பி வந்தன. துளையிடுவது அரை நாள் வேலை. ஆனால் அதற்குள் சால்டரிங் செய்துகொண்டிருந்த பையன்கள் இருவருக்கும் சம்பளம் கொடுக்க முடியாமல் போயிற்று. அவர்கள் வேலையில் பிழை ஏதும் இல்லை, பிழை என்னுடையது.

கோட்பாட்டாளருக்கு இந்த வேலை வராது என்று இதைக்கொண்டு முடிவுகட்டிவிடாதே. 1983 கோடையில், நோபல் பரிசு பெற்றுப் பதினெட்டு ஆண்டுகள் ஆன இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், டேனி ஹில்லிஸ் தொடங்கிய 'திங்கிங் மெஷின்ஸ்' என்ற கணினி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஹில்லிஸின் நண்பர்களில் ஃபெய்ன்மனின் மகன் கார்லும் ஒருவர். பொதுவாக ஆலோசனை சொன்னால் போதும் என்றதற்கு, உருப்படியான வேலை கொடுங்கள் என்று ஃபெய்ன்மன் கேட்க, அலுவலகத்துக்கு எழுதுபொருள் வாங்கிவர அனுப்பினார்கள். அவரும் போய் வாங்கி வந்தார். பிறகு, 65,536 செயலிகள் ஒன்றோடொன்று பேசும்படி அவர்கள் செய்துகொண்டிருந்த கணினியில், செய்திகள் தேங்கி நிற்க ஒவ்வொரு சில்லிலும் (சிப்) எத்தனை இடையகங்கள், அதாவது தற்காலிக நினைவிடங்கள், வேண்டும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். துண்டு துண்டான பிட்டுகளைத் தொடர்ச்சியான அளவாகப் பாவித்து, வகைக்கெழுச் சமன்பாடுகள் எழுதி, ஐந்து போதும் என்றார். பொறியாளர்கள் நம்பாமல் ஏழு வைத்தார்கள். சில்லு உற்பத்திக்கு ஒவ்வாத அளவு பெரிதானபோது ஐந்துக்கு இறங்க வேண்டியிருந்தது, இயந்திரம் ஓடியது. எனக்கு அந்த ஐந்தைவிட எழுதுபொருள் வாங்கப் போனதுதான் பெரிதாகத் தெரிகிறது. இவ்வளவு திறமை குவிந்திருந்தும் அந்நிறுவனம் 1994-இல் திவாலானது என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்.

உரிமை விஷயத்தையும் அசட்டை செய்யாதே. இருபது வயதில் துகள் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற ஸ்டீஃபன் வுல்ஃப்ரம், அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது உருவாக்கிய இயற்கணித மென்பொருள் யாருக்குச் சொந்தம் என்ற பிணக்கில் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. அவருடைய புகழ்பெற்ற கணித மென்பொருள் 'மேத்தமேட்டிகா' அதன் பிறகு, 1988-இல்தான் வந்தது. நீ பல்கலைக்கழகத்தில் எழுதிய நிரலில் ஒரு வரி நிறுவனத்துக்குள் வந்தாலும், எழுத்துமூலமான அனுமதி கையில் இருக்கட்டும்.

இனி உன் பொருளுக்கு வருகிறேன். குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகளான குவிபிட்டுகளில் பிழைகள் ஒன்றையொன்று சாராமல் நேர்கின்றன என்று வைத்துக்கொண்டு நீ எழுதிய கட்டுரை அழகானது. அந்த அனுமானத்தின் மேல்தான் உங்கள் மென்பொருளும் நிற்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் மின்தடையற்ற மீக்கடத்திப் பொருளால் ஆன குவிபிட் சில்லில், விண்வெளியிலிருந்து வரும் ஓர் அண்டக்கதிர் பாய்ந்தால் பல குவிபிட்டுகள் ஒரே நேரத்தில் குலைகின்றன என்பதை ஆய்வகங்களில் அளந்தே பார்த்துவிட்டார்கள். கட்டுரையில் அதை அடிக்குறிப்பில் தள்ளியிருந்தாய். வாடிக்கையாளர் அடிக்குறிப்பு படிக்க மாட்டார். தன் சில்லில் பிழை திருந்தவில்லை என்று மட்டும் சொல்வார். ஆகவே வாரத்தில் ஒரு நாளாவது அந்தச் சில்லை இயக்குபவர்களின் பக்கத்தில் போய் உட்கார். எந்தக் கம்பி தளர்கிறது, எந்த இரவில் அளவீடு கெடுகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

நிறுவனத்தின் மதிப்பு இத்தனை கோடி என்று யாரோ கணித்ததாக எழுதியிருந்தாய். அது எனக்கு வேண்டாம். இப்போது எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள், கையிருப்பு எத்தனை மாதத்துக்குக் காணும், இவ்விரண்டையும் அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அப்பா