சேற்றுப் புழுவின் தாடை

திருகோணமலை

அன்புள்ள சிவா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே மழை விட்டுக் கடலும் அடங்கிவிட்டது, கொட்டியாரக் குடாவில் தோணிகள் இறங்கத் தொடங்கிவிட்டன.

கொஞ்ச நாளாக என் மனம் முழுக்கக் கடற்புழுதான். தூண்டிலில் கோக்கச் சேற்றைக் கிண்டி எடுப்போமே, அந்தக் கூட்டம். ஒன்றைப் பிடித்துத் தலைக்குப் பின்னால் மெல்ல அழுத்தினேன். தொண்டை வெளியே புரண்டு வந்தது. நுனியில் கரும்பழுப்பாக இரண்டு கொக்கிகள், உள்விளிம்பில் ரம்பம் மாதிரிப் பற்கள். நெரெயிஸ் வகை மச்சான். எலும்போ ஓடோ இல்லாத உடம்பு, தாடையோ நம் பல்லின் உள்ளடுக்கான டென்டின் அளவுக்குக் கடினம்.

அதில் சுண்ணாம்பு கிடையாது. கடல்நீரில் மிக நுண்ணிய அளவில் இருக்கும் துத்தநாகத்தைத் திரட்டி, ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைந்த புரதத்தை அதைக் கொண்டு பிணைத்துவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் துத்தநாகத்தை நீக்கிப் பார்த்தார்கள். கடினம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

கிளைசெரா என்று இன்னொரு புழு. நாலு கொக்கி, அவற்றின் வழியே நஞ்சும் செலுத்தும். அதன் தாடைக்குப் பலம் செம்பு, எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஒரு பகுதி அட்டகாமைட் என்ற செம்புக் கனிமமாகவே இருப்பதை 2002இல் கண்டுபிடித்தார்கள். பாசியும் சிப்பியும் ஒட்டாமல் சாகட்டும் என்று படகின் அடியில் பூசும் பெயின்டில் இருப்பதும் செம்புதான். அந்த நஞ்சிலேயே இது பல் செய்கிறது! எனக்கு இதுதான் பெரிய அதிசயம்.

மெல்லுடல் அழுகிப்போனாலும் தாடை கல்லில் தங்கிவிடும். 45 கோடி ஆண்டு பழைய சுண்ணாம்புக் கல்லை அமிலத்தில் கரைத்தால்கூட, அதிலுள்ள தாடைகள் கரையாமல் மிஞ்சும். ஆனால் அவற்றில் உலோகம் இருந்தால், புழு சேர்த்ததா, பிறகு நிலத்தடி நீர் ஏற்றியதா என்று பிரிப்பது லேசில்லை. நெரெயிஸில் துத்தநாகம் நுனிப் பக்கம்தான் செறிந்திருக்கும். பழந்தாடையிலும் அப்படியே இருந்தால் புழுவின் கைவேலை என்று நம்பலாம் என்பது என் எண்ணம்.

உங்கள் ஒன்டாரியோவில் கிடைத்த வெப்ஸ்டெரோப்ரியான் என்ற புதைபடிவப் புழுவின் தாடை ஒரு சென்ரிமீற்றருக்கும் மேல், வயது 40 கோடி ஆண்டு. 2017இல்தான் பெயர் வைத்தார்கள். அதுவரை ரொறன்ரோவில் றோயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தில் கிடந்ததாம். அந்தப் பக்கம் போனால் பார்க்கக் கிடைக்குமா என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
ரவி