இருட்டைச் சோதித்துத் தந்த அண்ணனுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

புது இருட்டறையில் எலியின் விழித்திரைச் செல்கள் மங்கலான ஒளிக்குச் சரியாகப் பதில் தராமல் போனது எல்லோருக்கும் தெரியும், அதை விரிவாக மறுபடி எழுதப் போவதில்லை. இப்போது அதே அறையில், மிக மிக மங்கலான ஒளித்துடிப்புக்கும் கேங்க்ளியான் செல்கள் (விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி அனுப்புபவை) பழையபடி பதில் தருகின்றன. அந்த நிம்மதி ஆறுவதற்குள் எழுதிவிடுகிறோம்.

முதல் நன்றி எர்த்திங் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு. ஆம்ப்ளிஃபயர், மைக்ராஸ்கோப், பம்ப் ஆகிய எல்லாவற்றின் எர்த் கம்பிகளையும் ஒரே புள்ளியில் கொண்டுவந்து கட்டினார். மின் இரைச்சல் அடங்கியது, அழைத்த வேலை முடிந்தது. கிளம்பும்போது, "இருட்டறைன்னு சொல்றீங்க, இருட்டா இருக்கான்னு யாரு பார்த்தது?" என்று கேட்டார். ஒளிமானி பூஜ்யம் காட்டுகிறது என்றோம். கதவைச் சாத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். செல்போனை வெளியே கொடுத்துவிட்டார். முக்கால் மணி நேரம் அசையவில்லை.

சாதாரண ஒளிமானியை விட இருளுக்குப் பழகிய கண்தான் சரியான கருவி. மனிதக் கண்ணில் மங்கல் ஒளியை உணரும் கோல் செல்கள் இருளுக்குப் பழக முப்பது நாற்பது நிமிடமாகும். பழகிவிட்டால், ஒரேயொரு ஃபோட்டானுக்கும் (ஒளித்துகளுக்கும்) ஒரு கோல் செல் மின்பதில் தரும். 1979இல் பேலர், லாம்ப், யாவ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் தேரையின் கோல் செல்லில் அதை நேரடியாக அளந்தார்கள். ஆனால் நேராக உற்றுப் பார்த்தால் பலனில்லை, பார்வையின் நடுக்குழியில் கோல் செல்களே கிடையாது. சற்று ஓரமாகப் பார்க்கவேண்டும். அண்ணனுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை, தானாகவே தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கண்டுபிடித்தவை: மேசைக்கு அடியில் யூபிஎஸ்ஸின் பச்சை எல்இடி, ஏசியின் முகப்பு விளக்கு, கூரையில் கேபிள் இறங்கும் துளை, கதவின் கீழ் விளிம்பு. கூடவே, எங்கள் அகச்சிவப்பு விளக்கும். 850 நானோமீட்டர் எல்இடி முழுக்க மறைவானது அல்ல, பழகிய கண்ணுக்கு மங்கிய சிவப்பாகத் தெரியும். அதை 940க்கு மாற்றிவிட்டோம். மற்ற இடங்களில் கறுப்பு டேப் மட்டும் போதாது என்று அலுமினியத் தாளை இரண்டு மடிப்பாக வைத்து, அதற்கு மேல்தான் டேப் ஒட்டினார். பச்சை எல்இடிதான் இவற்றில் மோசம், கோல் செல்லின் ஒளி உணரும் நிறமியான ரோடாப்சின் அதிகம் உறிஞ்சும் 500 நானோமீட்டருக்குப் பக்கத்திலேயே அதன் ஒளி விழுகிறது.

இது ஏன் பெரிய உதவி என்று துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் சொல்லவேண்டும். பின்னால் ஒட்டியிருக்கும் நிறமிப் படலத்திலிருந்து உரித்தெடுத்த விழித்திரையில் கோல் செல்கள் வெளுத்துப்போன ரோடாப்சினைப் புதுப்பிக்க முடியாது. கசிந்த ஒளி தின்றது போனது போனதுதான். அதைவிடப் பெரிய தொல்லை, அது ஒளிக்கசிவு மாதிரியே தெரியாது. மங்கலான ஒளிக்கான பதில் சுருங்கும், பதில் வரத் தேவையான குறைந்தபட்ச ஒளி உயரும், கோல் செல்லுக்கும் அதனிடமிருந்து செய்தி வாங்கும் இருமுனைச் செல்லுக்கும் நடுவே இருக்கும் சினாப்ஸ் (செய்தி கடக்கும் சந்திப்பு) பலவீனமானது போலவே பதிவு இருக்கும். கோல் செல்களின் செய்தியைக் கடத்தும் ஏ-இரண்டு அமாக்ரைன் செல்கள், கனெக்ஸின் 36 என்ற புரதத்தாலான இணைப்புகள் வழியாகத் தங்களுக்குள் எவ்வளவு இணைந்திருக்கின்றன என்பதே ஒளியைப் பொறுத்தது: முழு இருட்டில் இணைப்பு குறைவு, மங்கலான பின்னணி ஒளியில் கூடும், வெளிச்சத்தில் மறுபடி குறையும். ஆக, ஆராயப்போகும் வலைப்பின்னலையே கசிவு மாற்றிவிடும். திசுவை உயிரோடு வைக்கும் கரைசலைக் குறை சொல்லி, திசுவைக் குறை சொல்லி, பாவம் அந்த எலியையும் குறை சொல்லிக்கொண்டே இருக்கலாம்.

மற்றவர்களுக்கும் நன்றி, சுருக்கமாகச் சொல்வதால் குறைவென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எலிகளை இரவு முழுக்க இருட்டுப் பெட்டியில் காத்துத் தந்த விலங்குக்கூடப் பணியாளர்கள். செல்லின் மின்பதிலைப் பதிவு செய்யும் மெல்லிய கண்ணாடிக் குழாயான பிப்பெட்டை இழுத்துச் செய்யும் கருவியை இரவல் தந்த பக்கத்து ஆய்வகம். 95 விழுக்காடு ஆக்சிஜனும் 5 விழுக்காடு கார்பன் டையாக்சைடும் கலந்த சிலிண்டரை ஒருநாள்கூடத் தீரவிடாத கடைக்காரர். சிலிக்கோன் குழாயில் வாயு கசிந்து கரைசலின் காரத்தன்மை ஏறுகிறது என்று எச்சரித்து, வாயு கசியாத குழாய் வெட்டி அனுப்பிய முன்னாள் மாணவி. கரைசலைச் சூடாக்கும்போது குமிழி வந்து பதிவைக் குலைக்காமலிருக்க, தொட்டியிலேயே 32 டிகிரிக்குச் சூடாக்கி வாயு ஊதும்படி சொன்னவர். யாருமே பணமோ பெயரோ கேட்கவில்லை.

இனி இங்கே ஒரு வழக்கம் வைத்துக்கொள்கிறோம். புதிதாகச் சேருபவர் பிப்பெட்டைத் தொடுமுன் அறையில் முக்கால் மணி நேரம் சும்மா உட்காரவேண்டும், கண்ணில் பட்டதையெல்லாம் எழுதித் தரவேண்டும். கருவி மாற்றிய ஒவ்வொரு தடவையும் அதேதான், ஏனென்றால் புதிதாக வரும் எல்லாப் பெட்டியிலும் ஏதோ ஒரு எல்இடி இருக்கிறது. வேறு யாராவது மங்கல் ஒளிப் பதிவுக்கு அறை அமைத்தால் கூப்பிடுங்கள், ஸ்டூலோடு வருகிறோம்.

அன்புடன்,
ஆய்வகத்தார்